டைம்டேபிள்ல இருக்கிற அந்த ‘பிளானிங் பீரியட்’ வீணாப் போகாம பார்த்துக்கிறது எப்படி? புது டீச்சர்களுக்கு

புதுசா வேலைக்கு சேர்ந்ததும் டைம்டேபிள் கையில குடுப்பாங்க இல்லையா, அதுல உங்க பேருக்கு நேரா கிளாஸ் எதுவும் இல்லாம "சப்ஜெக்ட் மீட்டிங்"னோ "பிளானிங்"னோ "பி.எல்.சி."னோ (புரொஃபஷனல் லேர்னிங் கம்யூனிட்டி, அதாவது டீச்சர்கள் ஒண்ணா உக்காந்து கத்துக்கிற குழு) ஒரு கட்டம் இருந்தா அத ஃப்ரீ பீரியட்னு நெனச்சு நோட்டு திருத்த உக்காந்துடாதீங்க. ஒரே பாடம் எடுக்கிறவங்க, இல்லன்னா ஒரே வகுப்புக்குப் போறவங்க எல்லாரும் ஒரே நேரத்துல கிளாஸ் இல்லாம இருக்கணும்னு டைம்டேபிள் போடறவர் மண்டைய உடைச்சிக்கிட்டு ஒதுக்கின நேரம் அது. அஞ்சு பேர ஒரே நேரத்துல ஃப்ரீ ஆக்கணும்னா மத்த பீரியட் எல்லாத்தையும் அதுக்கேத்த மாதிரி நகர்த்தணும், ஒரு தடவையாவது டைம்டேபிள் போட்டுப் பார்த்தவங்களுக்குத்தான் அந்த தலைவலி தெரியும். இவ்வளவு பாடுபட்டு கிடைச்ச நேரம் நெறைய ஸ்கூல்ல என்ன ஆகுதுன்னா பாதி நேரம் சர்க்குலர் படிக்கிறதுல போகுது, மிச்சப் பாதி "இந்த வருஷப் பசங்க மோசம்"னு பேசுறதுலயே முடிஞ்சு போகுது.

நீங்க புதுசு, மீட்டிங்க நடத்தப் போறது நீங்க இல்ல, அது தெரியும். ஆனா புதுசா வந்தவங்களாலயும் இத கொஞ்சம் திருப்பிவிட முடியும், பெரிசா எதையும் எதிர்த்துப் பேசாமலே. கீழ வரிசையா சொல்றேன், எல்லாத்தையும் முதல் மாசமே செய்யணும்னு இல்ல.

முதல்ல அது என்ன மாதிரி மீட்டிங்னு தெரிஞ்சுக்கோங்க

முதல் மீட்டிங்குக்குப் போறதுக்கு முன்னாடியே பக்கத்து டீச்சர்கிட்ட சில விஷயம் கேட்டு வெச்சுக்கோங்க. இது பாடவாரியா நடக்குதா, வகுப்புவாரியா நடக்குதா? யாரு கூட்டுறாங்க? முடிஞ்சதும் ஹெச்.எம்.க்கு ஏதாவது எழுதிக் குடுக்கணுமா? யாராவது லீவு போட்டா இந்த பீரியட்ல சப்ஸ்டிடியூஷன் போடுவாங்களா? இந்தக் கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம், ஏன்னா பேப்பர்ல வாரம் ஒண்ணுன்னு இருக்கும், ஆனா ஆளாளுக்கு சப்ஸ்டிடியூஷன் போய் எல்லாரும் ஒண்ணா உக்கார்றது மாசத்துக்கு ஒரு தடவ கூட இருக்காது. அப்படி இருந்தா என்ன செய்யலாம்னு பின்னாடி சொல்றேன்.

பாடவாரியா கூடுறதுக்கும் வகுப்புவாரியா கூடுறதுக்கும் வித்தியாசம் இருக்கு. ஏழாம் வகுப்புக்கு கணக்கு எடுக்கிற மூணு பேர் கூடினா பாடத்தப் பத்திப் பேசலாம், எந்த இடத்துல பசங்க தடுக்கி விழறாங்க, எந்தக் கணக்க முதல்ல குடுக்கலாம், இப்படி. அதே ஏழாம் வகுப்பு "பி" செக்ஷனுக்குப் போற எல்லா பாட டீச்சரும் கூடினா அங்க பாடத்தப் பத்திப் பேசிப் பிரயோஜனம் இல்ல, அந்தப் பசங்களப் பத்திப் பேசணும். இந்தப் பையன் கணக்குல வாயே திறக்கறதில்ல ஆனா அறிவியல்ல கை தூக்குறானாம், அது ஏன்? நோட்டு எழுதுற முறைய எல்லா பாடத்துக்கும் ஒரே மாதிரி வெச்சா என்ன? ஒரே நாள்ல நாலு பேரும் ஹோம்வொர்க் குடுக்கிறோமே, பிரிச்சுக்கலாமா? ரெண்டையும் போட்டுக் கொழப்பினா ரெண்டும் நடக்காது.

அறிவிப்பெல்லாம் மெசேஜ்ல போகட்டும்

எக்ஸாம் தேதி, ஃபீஸ் லிஸ்ட், யாருக்கு எந்த டியூட்டி, இதெல்லாம் படிச்சாலே புரியற விஷயம். படிச்சாலே புரியறத வாயால சொல்ல அஞ்சு பேர உக்கார வைக்க வேண்டியதில்ல. மீட்டிங்க கூட்டறவர்கிட்ட பக்குவமா சொல்லிப் பாருங்க, "மேடம், அறிவிப்பெல்லாம் நான் டைப் பண்ணி முந்தின நாளே குரூப்ல போட்டுடட்டுமா, உங்களுக்கு வேல மிச்சம்". புதுசா வந்தவங்க வேலைய தானா எடுத்துக்கிட்டு செய்றேன்னா யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. இது ஒண்ணு நடந்தாலே கால் மணி நேரம் கையில கிடைக்கும்.

எது மீட்டிங்குக்கு வரணும், எது வரக்கூடாதுங்கறதுக்கு நான் வெச்சிருக்கிற அளவு ஒண்ணுதான். இத நான் தனியா வீட்ல உக்காந்து செய்ய முடியுமா? முடியும்னா அது இங்க வேண்டாம்.

வெறுங்கையோட போகாதீங்க, பசங்க எழுதினத எடுத்துட்டுப் போங்க

இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்வீங்கன்னா இத செய்யுங்க. மேஜை மேல பசங்களோட ஆன்சர் ஷீட்டோ நோட்டோ இருந்தா பேச்சு தானா பாடத்துக்கு வந்துடும். அது இல்லாம உக்காந்தா பேச்சு பசங்களோட குணத்துக்கும் அப்பா அம்மாவோட குறைக்கும் போயிடும், அங்கயிருந்து அத திருப்பிக் கொண்டு வர்றது லேசுல நடக்காது.

ஒரு உதாரணம் விரிவாவே சொல்றேன். தசம எண் பாடம். "0.3, 0.25 இதுல எது பெருசு?"னு ஒரு கேள்வி குடுக்குறோம். சில பசங்க 0.25ன்னு எழுதுவாங்க, ஏன்னா 25 மூணை விட பெருசு, முழு எண்ல பழகின பழக்கத்த இங்கயும் கொண்டு வர்றாங்க. இது எல்லா கணக்கு டீச்சருக்கும் தெரிஞ்ச தப்புதான். மிச்சப் பேர் 0.3ன்னு சரியா எழுதிட்டாங்க, டிக் போட்டுட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடுவோம். ஆனா அந்த சரியான விடை எழுதினவங்கள்ல கொஞ்சம் பேர் தப்பான காரணத்துக்காக அத எழுதியிருப்பாங்க, "புள்ளிக்கு அப்புறம் இலக்கம் கம்மியா இருந்தா அதுதான் பெரிய நம்பர்". பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்க விட பெருசுன்னு நாம சொல்லிக் குடுத்தத வெச்சு அவங்களா அந்த முடிவுக்கு வந்திருப்பாங்க. இவங்க யாருன்னு இந்தக் கேள்விய வெச்சு கண்டுபிடிக்கவே முடியாது. கூட இன்னொண்ணு கேக்கணும், "0.4, 0.75 எது பெருசு?". இப்ப இந்தக் கூட்டம் 0.4ன்னு எழுதி மாட்டிக்கும், முதல் கூட்டம் 0.75ன்னு சரியா எழுதிடும்! ரெண்டு கேள்வியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாதான் யாருக்கு என்ன கொழப்பம்னு பிரிஞ்சு வரும்.

இது தனியா இருந்தா தெரியாதான்னு கேட்டா, தெரியலாம். ஆனா பெரும்பாலும் எப்படி வெளிய வரும்னா, மூணு செக்ஷன் பேப்பரும் ஒரே மேஜைல கிடக்கும்போது ஒருத்தர் "என் கிளாஸ்ல எல்லாரும் சரியா போட்டுட்டாங்க"ம்பாரு, இன்னொருத்தர் "நானும் அப்படித்தான் நெனச்சேன், காரணம் எழுதச் சொன்னப்பதான் தெரிஞ்சுது"ம்பாரு, அங்க ஆரம்பிக்கும். அப்புறம் அதுக்கு என்ன செய்றதுங்கற பேச்சு. "0.3ஐ 0.30ன்னு எழுதச் சொல்லிடலாம்"னு ஒருத்தர் சொல்வாரு, விடை சரியா வந்துடும் ஆனா பசங்களுக்கு ஏன்னு புரியாமலே வந்துடும். பத்துக்குப் பத்து கட்டம் போட்டு முப்பது கட்டத்துக்கும் இருபத்தஞ்சு கட்டத்துக்கும் கலர் அடிக்க வைக்கலாம்னு இன்னொருத்தர். அந்தக் கட்டம் ரெண்டு கூட்டத்துக்குமே உதவும். இந்த மாதிரி கால் மணி நேரப் பேச்சுதான் அந்த பீரியட் இருக்கறதுக்கே காரணம்.

பேப்பர் எடுத்துட்டுப் போறப்ப மொத்தக் கட்டையும் தூக்கிட்டுப் போகாதீங்க. நல்லா செஞ்சது ரெண்டு, நடுத்தரம் ரெண்டு, தடுமாறினது ரெண்டு, ஆறு பேப்பர் போதும், பேர மறைச்சுடுங்க. பேர் தெரிஞ்சா "அட இவனா, இவன் அண்ணனும் இப்படித்தான்"னு வண்டி வேற ரூட்ல போயிடும்.

எதப் பேசறதுன்னு தெரியலன்னா

அமெரிக்காவுல ரிச்சர்ட் டுஃபோர்னு ஒரு ஹைஸ்கூல் பிரின்சிபால் இருந்தாரு, இந்த பி.எல்.சி.ங்கற ஏற்பாடு அங்க பரவினதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் வழியா பரவலான நாலு கேள்வி இருக்கு. பசங்க எத கத்துக்கணும்னு நெனக்கிறோம்? கத்துக்கிட்டாங்கன்னு எப்படித் தெரியும்? கத்துக்கலன்னா என்ன செய்வோம்? ஏற்கெனவே தெரிஞ்ச பசங்களுக்கு என்ன செய்வோம்? பார்த்தா சாதாரணமா இருக்கும். ஆனா ஒரு பாடத்த எடுத்து முதல் கேள்விய மட்டும் மூணு டீச்சர்கிட்ட தனித்தனியா எழுதச் சொல்லிப் பாருங்க, மூணு விதமா வரும். நாலையும் ஒரே மீட்டிங்ல கேக்காதீங்க, ஒரு நாளைக்கு ஒண்ணு தாராளம். நாலாவது கேள்விய பெரும்பாலான இடத்துல கேக்கறதே இல்ல, நல்லா படிக்கிற பசங்க முடிச்சுட்டு சும்மா உக்காந்திருக்கறது அதனாலதான்.

இன்னொரு விஷயம். ஜூடித் வாரன் லிட்டில்னு ஒரு கல்வி ஆராய்ச்சியாளர் 1990ல, டீச்சர்கள் ஒண்ணா சேர்றதுங்கறதுலயே நாலு வகை இருக்குன்னு எழுதினாங்க. கிளாஸ்ல நடந்த கதைய ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறது, கேட்டா உதவி பண்றது, ஒர்க்‌ஷீட் மாதிரி பொருட்கள பகிர்ந்துக்கறது, கடைசியா உண்மையிலயே சேர்ந்து பொறுப்பெடுத்து வேல செய்றது. முதல் மூணும் நல்லதுதான், ஸ்டாஃப் ரூம்ல டீ குடிக்கிறப்பவே நடந்துடும். நாலாவதுதான் நேரம் ஒதுக்காம நடக்காது. "நீங்க ரெண்டாம் பாடத்துக்கு ஒர்க்‌ஷீட் போடுங்க, நான் மூணாம் பாடத்துக்குப் போடறேன்"னு பிரிச்சுக்கிறத நெறைய பேர் சேர்ந்து வேல செய்றதுன்னு நெனச்சுக்கறாங்க. அது நேரத்த மிச்சம் பண்ணும், தப்பில்ல, ஆனா அவரவர் வேலைய அவரவர் தனியா செய்றதுதான் அதுவும்.

ஒரே பேப்பர எல்லாரும் திருத்திப் பாருங்க

புதுசா ஆரம்பிக்கிற குழுவுக்கு நான் முதல்ல சொல்றது இதத்தான், ஏன்னா தயாரிப்பே தேவையில்ல, யாரும் மனசு கஷ்டப்படவும் மாட்டாங்க. அஞ்சு மார்க் கேள்விக்கு ஒரு பையன் எழுதின விடைய ஆளுக்கொரு ஜெராக்ஸ் எடுத்துக்கணும். பேசாம திருத்தி மார்க்க ஒரு துண்டுச் சீட்டுல எழுதி கவுத்து வெச்சுட்டு எல்லாரும் ஒரே நேரத்துல திருப்பணும். ஒருத்தர் 2 போட்டிருப்பாரு, ஒருத்தர் 4, ஒருத்தர் மூணரை. சத்தமா சொல்லச் சொன்னா இது வராது, சீனியர் 3ன்னு சொன்னதும் எல்லாரும் "ஆமா சார் மூணுதான்"னுடுவாங்க, அதனாலதான் கவுத்து வைக்கணும்னு சொல்றேன்.

அப்புறம் ஏன்னு பேசினா, ஒருத்தர் அலகு எழுதலன்னு ஒரு மார்க் கொறச்சிருப்பாரு, ஒருத்தர் ஸ்டெப்புக்கு மார்க் குடுத்திருப்பாரு, ஒருத்தர் விடை தப்புன்னா பாதிக்கு மேல குடுக்கறதில்லன்னு ஒரு கொள்கையே வெச்சிருப்பாரு. ஒரே ஸ்கூல்ல ஒரே பரீட்சை எழுதின பையனுக்கு "ஏ" செக்ஷன்ல இருந்தா ஒரு மார்க், "பி"ல இருந்தா இன்னொரு மார்க். இத சரி பண்ணாம செக்ஷன்வாரியா சராசரிய ஒப்பிடுறதுல அர்த்தமே கிடையாது.

சராசரின்னதும் ஒரு எச்சரிக்கை. யாரோட கிளாஸ் எத்தன சதவீதம்னு போர்டுல எழுதற பழக்கம் இருந்தா அது இந்த பீரியடுக்கு விஷம். அடுத்த வாரத்துல இருந்து யாரும் தடுமாறின பேப்பர வெளிய எடுக்க மாட்டாங்க. மொத்த மார்க்க விட்டுட்டு கேள்விவாரியா பாருங்க, ஏழாவது கேள்விய எல்லா செக்ஷன்லயும் தப்பா எழுதியிருந்தா கேள்வியில கோளாறு இருக்கலாம், இல்ல எல்லாருமே அந்த இடத்த வேகமா தாண்டியிருக்கலாம். ஒரு செக்ஷன்ல மட்டும் அது நல்லா வந்திருந்தா அந்த டீச்சர்கிட்ட எப்படி எடுத்தீங்கன்னு கேளுங்க, அத கேட்டுக்கத்தான் இந்த நேரம்.

45 நிமிஷம்னா 35ன்னு வெச்சுக்கோங்க

முந்தின கிளாஸ முடிச்சுட்டு மாடியில இருந்து இறங்கி வரவே அஞ்சு நிமிஷம் ஆகும், கடைசியில அடுத்த கிளாஸுக்கு ஓடணும். மிச்சம் இருக்கறதுல, போன தடவ முடிவு பண்ணினத கிளாஸ்ல செஞ்சு பார்த்தோமா, என்ன ஆச்சுன்னு முதல் அஞ்சு நிமிஷம். நடுவுல இருபது நிமிஷம் பேப்பரையோ பாடத்தையோ பார்க்கறது. மிச்ச பத்து நிமிஷத்துல அடுத்த வாரம் கிளாஸ்ல என்ன செய்யப் போறோம்னு ஒரே ஒரு முடிவு. ஒண்ணுதான், மூணு இல்ல. மூணு முடிவு எடுத்தா ஒண்ணும் நடக்காது. நேரத்த பார்க்க ஒருத்தர், எழுத ஒருத்தர், வாரா வாரம் மாத்திக்கிட்டா யாருக்கும் பாரமா இருக்காது.

மீட்டிங்ல பேசினத எழுதி வைக்கிற குறிப்பு (மினிட்ஸ்) பெரிசா வேண்டாம். எல்லாரும் திறக்கற மாதிரி ஒரு கூகுள் ஷீட்ல தேதி, என்ன பார்த்தோம், என்ன செய்யப் போறோம், செஞ்சதுல என்ன நடந்துச்சு, இந்த நாலு தலைப்பு போதும். கடைசி தலைப்புக்குக் கீழ காலியாவே இருந்தா மீட்டிங் சடங்கா ஆயிடுச்சுன்னு அர்த்தம். அடுத்த வருஷம் அதே பாடம் வரும்போது இந்த ஷீட்டோட அருமை தெரியும், அதுவும் நடுவுல யாராவது மாறிப் போயிட்டாங்கன்னா.

பேப்பரப் பார்க்கும்போது ஒரு ஒழுங்கு வேணும்

பேப்பர் கொண்டு வந்தவர் ரெண்டு நிமிஷம் என்ன கேள்வி குடுத்தேன், எதுல எனக்கு சந்தேகம்னு சொல்லிட்டு அமைதியா இருக்கணும். மத்தவங்க முதல்ல கண்ணுக்குத் தெரியறத மட்டும் சொல்லணும், "இங்க கழிச்சிருக்கான்", "இந்த வரிய அடிச்சுட்டு திரும்ப எழுதியிருக்கா". "கவனமில்ல", "சோம்பேறி" இதெல்லாம் பேப்பர்ல இல்லாத விஷயம். அதுக்கப்புறம் அந்தப் பையன் என்ன நெனச்சு இப்படி எழுதியிருப்பான்னு ஊகம், கடைசியாத்தான் யோசனை. இந்த வரிசைய விட்டா எல்லாரும் நேரா அட்வைஸுக்குத் தாவிடுவாங்க, கொண்டு வந்தவர் தன்ன காப்பாத்திக்கவே பேச ஆரம்பிச்சுடுவாரு.

புதுசா வந்த நீங்களே முதல்ல உங்க பேப்பர எடுத்து வைங்க. சீனியர்கள் முதல்ல வைக்க மாட்டாங்க, அவங்களுக்கு இழக்க பேரு இருக்கு. நீங்க தெரியலன்னு சொன்னா யாருக்கும் ஆச்சரியமா இருக்காது, அது உங்களுக்கு இருக்கிற சலுகை, ஒண்ணு ரெண்டு வருஷம்தான் இருக்கும்.

ஆளுங்கள சமாளிக்கிறது

எல்லா குழுலயும் ஒருத்தர் மட்டுமே பேசுவாரு. அவர தடுக்கப் போகாதீங்க, கேள்விய குறுக்குங்க, "சார், போன வாரம் இந்த நாலாவது கணக்க நீங்க எந்த உதாரணத்தோட ஆரம்பிச்சீங்க?". பொதுவா கேட்டா பொதுவா பேசுவாரு, குறிப்பா கேட்டா அனுபவத்துல இருந்து நல்ல விஷயம் வரும், இருபது வருஷம் எடுத்தவர்கிட்ட அது நெறையவே இருக்கும். பேசாமலே இருக்கறவங்களுக்கு எழுதற மாதிரி ஏதாவது குடுங்க, துண்டுச் சீட்டு முறை அவங்களுக்கும் சேர்த்துத்தான். "இதெல்லாம் பார்த்தாச்சும்மா, ஒண்ணும் நடக்காது"ங்கறவர் ஒருத்தர் இருப்பாரு, அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கலாம், மேல இருந்து திணிச்ச எத்தனையோ திட்டத்த அவர் பார்த்திருப்பாரு, வாதாடாம உங்க வேலையப் பாருங்க.

கொஞ்சம் பழகினதும்: ஒருத்தர் கிளாஸ இன்னொருத்தர் பார்க்கறது

ஜப்பான்ல ஒரு பழக்கம் ரொம்ப காலமா இருக்கு, குழுவா ஒரு பாடத்த திட்டம் போடுவாங்க, ஒருத்தர் எடுப்பாரு, மத்தவங்க கிளாஸ்லயே இருந்து பார்ப்பாங்க. பார்க்கறது டீச்சர இல்ல, பசங்கள. எந்தப் பையன் எந்த நிமிஷத்துல பென்சில கீழ வெச்சான், பக்கத்துல பார்த்து எழுதினது யாரு, கேள்விய எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்க, இதயெல்லாம் குறிச்சுக்கிட்டு அப்புறம் உக்காந்து பேசுவாங்க. திட்டம் எல்லாரும் சேர்ந்து போட்டதுங்கறதால பாடம் சரியா போகலன்னாலும் எடுத்தவர் தலையில விழாது. இன்ஸ்பெக்ஷன் மாதிரி கடைசி பெஞ்சுல உக்காந்து டீச்சருக்கு மார்க் போடற பழக்கத்துக்கு நேர் எதிர் இது. வருஷத்துக்கு ஒரு பாடம் இப்படி செஞ்சாலே போதும், அதுக்கு மேல நேரம் கிடைக்காது.

உங்க பாடத்துக்கு நீங்க ஒருத்தர்தான்னா

ஓவியம், கம்ப்யூட்டர், பி.இ.டி. டீச்சருக்கு இந்தப் பிரச்சனை உண்டு, சின்ன ஸ்கூல்ல எல்லாருக்கும் உண்டு. கணக்கு மீட்டிங்ல கொண்டு போய் உக்கார வெச்சா ரெண்டு பேருக்கும் நேரம் வீண். வகுப்புவாரி குழுல சேருங்க, இல்லன்னா பாடம் தாண்டின ஒரு பொது விஷயத்த எடுங்க, கேள்விய பசங்க எப்படிப் படிச்சுப் புரிஞ்சுக்கறாங்க, குழு வேலையில எல்லாரும் பங்கெடுக்கிறாங்களா, இந்த மாதிரி. அடுத்த ஸ்கூல்ல அதே பாடம் எடுக்கிறவரோட மாசம் ஒரு தடவ வீடியோ கால்ல பேசறதுக்கு இந்த பீரியட எடுத்துக்கலாமான்னு ஹெச்.எம்.கிட்ட கேட்டும் பார்க்கலாம்.

பீரியடே கிடைக்கலன்னா

சப்ஸ்டிடியூஷன்ல அடிபடறதப் பத்தி சொன்னேன் இல்லையா. ஹெச்.எம்.கிட்ட போய் "எங்களுக்கு நேரமே குடுக்கறதில்ல"ன்னா அவருக்கும் ஆள் இல்லாத கஷ்டம் இருக்கும், பதில் சொல்லி அனுப்பிடுவாரு. அதே ஷீட்ல நடக்காத நாளையும் எழுதிட்டு வாங்க, யாருக்கு எந்த கிளாஸ் சப்ஸ்டிடியூஷன் போச்சுன்னும். ரெண்டு மாசம் கழிச்சு குழுல சீனியரா இருக்கிற ஒருத்தரோட போய் அத காட்டி, மாசத்துல ரெண்டு தடவயாவது கை வைக்காம விடுங்கன்னு கேளுங்க. வாரா வாரம் கிடைச்சு பாதி கலைஞ்சு போறதுக்கு மாசம் ரெண்டு முழுசா கிடைக்கிறது மேல். கூடவே, அந்த பீரியட வார கடைசி நாளோட கடைசி பீரியடா போட்டிருந்தா அடுத்த டைம்டேபிள்ல மாத்தச் சொல்லிக் கேளுங்க, அந்த நேரத்துல யாருக்கும் மூளை வேல செய்யாது. கேக்கறத டைம்டேபிள் போட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடணும், போட்டு முடிச்சப்புறம் ஒரு கட்டத்த நகர்த்தச் சொன்னா அவர் உங்கள அடிக்க வருவாரு.